பற்றுப் பக்கத்தில் ஒரு பெயர்

பெரிய மாமா தற்கொலையில் இறந்து பதிமூன்று வருடம் ஆகிறது. காங்கயம் பக்கம், கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடும் கிளுவை வேலியுமாக இருக்கிற ஊர். அன்றைக்கு வேலியோரம் நிழல் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு வந்த ஆட்கள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன காரணமாம்? கடனா என்றால் பெரிதாகக் கடன் இல்லை. சொத்துத் தகராறும் இல்லை. பக்கவாதம் வந்து இடது கை விழுந்துபோயிருந்தது, ஆனால் அது வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. மகன், மருமகளோடு ஏதாவது பேச்சா என்று அத்தையிடமே போய் ஒருவர் கேட்டார். மத்தியானம் வரைக்கும் காரணம் தேடிக் களைத்துப் போன பிறகு, மாமாவோடு சின்ன வயதிலிருந்து பழகிய பெரியவர் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இருந்த வரைக்கும் ஒருத்தருக்கும் பாரமா இருந்ததில்லை. போறப்பவும் ஒருத்தருக்கும் பாரமில்லாமப் போயிட்டான்." சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மூன்றாவது மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை பீரோவைத் திறந்து மாமாவின் சட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். எல்லாம் வெள்ளைச் சட்டை. ஒன்றை விரித்துப் பார்த்தேன். மேலே பார்வைக்குப் பழைய பட்டனே இருந்தது, ஆனால் காஜாவை எல்லாம் தைத்து மூடி, உள்பக்கம் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் டிச் பட்டன் வைத்திருந்தார். ஒரு கையாலேயே போட்டுக்கொள்ளலாம், வெளியில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒன்பது சட்டை, சட்டைக்கு ஏழு பட்டன். "கை வெளங்கலைன்னு நாலு பேர் பாக்கக் கூடாதுன்னு ராத்திரில உக்காந்து தெச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சட்டையைத் தடவிக்கொண்டே, "பாரம்னு நான் எப்பவாச்சும் சொல்லியிருக்கறனா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பந்தலில் கேட்ட வாக்கியமும் கட்டிலில் கேட்ட இந்தக் கேள்வியும் சேர்ந்து என்னை இத்தனை வருடம் விடவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இன்னொரு வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதலாமா வேண்டாமா என்று அந்த வீட்டு அண்ணனிடமே கேட்டேன். "பேர் போடாம எழுது" என்றார். பெயர், ஊர் எதையும் போடவில்லை. யார் எந்த வழியைத் தேடினார்கள் என்பதையும் எழுத மாட்டேன், அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் நல்லது நடக்காது.

புகழ்ச்சியில் ஒளிந்திருக்கும் சொல்

எங்கள் பக்கம் ஒரு ஆளை உயர்த்திப் பேச வேண்டுமென்றால் "யாருகிட்டயும் கை நீட்டாதவன்" என்பார்கள். வானம் பார்த்த காட்டில் ஆடு மேய்த்தும் கிணறு வெட்டியும் தறி போட்டும் மேலே வந்த சனம், அந்தப் பெருமைக்கு நியாயம் இருக்கிறது, நான் அதை மறுக்கவில்லை. மொய் நோட்டில் நூறு ரூபாய் வரவு வந்திருந்தால் அவர்கள் வீட்டு நோம்பிக்கோ சீருக்கோ அதைக் கூட்டிச் செய்யாமல் தூக்கம் வராத ஆட்கள் நாங்கள். சிவன்மலைப் படியேறுகிற கிழவிகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் வேண்டுவது ஒன்றுதான்: "கையும் காலும் ஓடறப்பவே கொண்டு போயிரு சாமி, யாருக்கும் பாரமாப் படுத்தரக் கூடாது." இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பிறத்தியார் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதே குற்றம் என்று எங்கோ உள்ளே பதிந்துவிடுகிறது. கை ஓடுகிற வரைக்கும் அதனால் நட்டமில்லை. கை நின்ற அன்றைக்கு அதே நினைப்பு ஆளுக்கு எதிராகத் திரும்புகிறது.

தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005இல் சொன்ன ஒரு விளக்கத்தைப் படித்தபோது எனக்குப் பெரிய மாமாவின் பந்தல்தான் கண் முன்னால் வந்தது. ஜாய்னரின் அப்பாவும் தற்கொலையில் இறந்தவர். அவர் சொல்வது இது: சாக வேண்டும் என்ற எண்ணம் இரண்டு நினைப்புகள் சேர்கிற இடத்தில் வலுக்கிறது. ஒன்று, நான் எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன், நான் போனால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்பது. இன்னொன்று, நான் எதிலும் ஒட்டவில்லை, எனக்கென்று யாருமில்லை என்பது. இவற்றோடு சாவு பற்றிய பயமும் வலி பற்றிய பயமும் மரத்துப்போயிருந்தால் ஆபத்து பல மடங்காகிறது. முன்பே ஒரு முறை முயன்றவர்களை அதிகக் கவனத்தோடு பார்க்கச் சொல்வது இதனால்தான். இதில் முக்கியம், பாரமாக இருப்பது வேறு, பாரமாக இருக்கிறோம் என்று நம்புவது வேறு. ஜாய்னர் பேசுவது அந்த நம்பிக்கையைப் பற்றி. பெரும்பாலும் அது பொய்யான நம்பிக்கை. ஒன்பது சட்டைக்கு டிச் பட்டன் தைத்த மனுசியின் கணக்கில் மாமா ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. ஆனால் அது மாமாவுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் உள்ளே இறங்கவில்லை. தெரியாமல் போனதற்கு நாங்களும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். பார்க்கப் போனவர்கள் எல்லோரும் "எப்படி இருந்த ஆளு" என்றுதான் சொல்லிவிட்டு வந்தோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் வெளியிடும் அறிக்கையில் 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834, மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். குடும்பப் பிரச்சினை, நோய், கடன், காதல், தேர்வு என்று அதில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் இருக்கும். நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் குடும்பப் பிரச்சினை என்று போட்டிருக்கிறார்கள். அந்த அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பந்தலைத்தான் நினைத்துக்கொள்கிறேன், ஆளுக்கு ஒரு காரணம் எழுதி முடித்தால் கணக்கு நேராகிவிடும் என்பதுபோல. நான் திருப்பூரில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கெழுதுகிறவன், கட்டம் போட்டு எழுதுவதில் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் கடன் இருக்கிற வீடு எங்கள் தெருவில் மட்டும் முப்பது இருக்கும். பக்கவாதம் வந்து பத்து வருடமாகத் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு சண்டை போடுகிற கிழவர்கள் இருக்கிறார்கள். வெளியில் தெரிகிற காரணம் தூண்டிவிடலாம், சரி. அது உள்ளே போய் என்ன கணக்காக மாறுகிறது என்பதுதான் ஒருவரை இருக்க வைக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

தறிக்குடோனில் ஒரு சாயங்காலம்

அண்ணன் என்றால் சித்தி மகன், எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். பல்லடம் பக்கம் எட்டுத் தறி ஓட்டினார். பாவு நூலை ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், இவர் ஓட்டித் துணியாகக் கொடுத்துக் கூலி வாங்குவார். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். அதற்கப்புறம் அவருக்குப் பழைய நிலை திரும்பவே இல்லை. இடுப்பில் ஜவ்வு விலகி நிற்க முடியாமல் போனது. 2023 வைகாசியில் எட்டுத் தறியையும் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொடுத்தார். அண்ணி பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தார், ஒன்றரை ஷிப்ட். பையன் என்ஜினியரிங் இரண்டாம் வருடம்.

அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் போன் செய்து, "ஒரு நடை வந்துட்டுப் போ, கணக்கு ஒண்ணு நேர் பண்ணோணும்" என்றார். போனேன். தறி இருந்த குடோனில் தரையில் எட்டு இடத்தில் எண்ணெய்க் கறை, போல்ட் முடுக்கியிருந்த ஓட்டைகள், ஒரு மூலையில் கயிற்றுக் கட்டில். அங்கேதான் படுத்துக்கொள்கிறார் என்று அண்ணி சொன்னார், ராத்திரியில் தூக்கமில்லாமல் புரள்வது மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று. பக்கத்துக் குடோனில் தறி ஓடுகிற சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது. அண்ணன் இளைத்திருந்தார், ஆனால் முகம் ஒரு தினுசாக அமைதியாக இருந்தது. அதைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நெடுநாள் கலங்கிக் கிடந்தவர் திடீரென்று அமைதியாவது எப்போதும் நல்ல அறிகுறி ஆகாது, சிலர் முடிவெடுத்துவிட்டதாலேயே அமைதியாகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பற்று வரவு நோட்டை எடுத்துக் கொடுத்தார். நீள நோட்டு, அண்ணனுடைய சாய்வான கையெழுத்து. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், நகை எந்த பேங்கில், எந்தத் தேதிக்குள் வட்டி கட்ட வேண்டும் என்று எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. சின்னதும் பெரிதுமாக இருந்த கைமாற்றுகளை எல்லாம் அந்த மாதத்திலேயே தீர்த்து டிக் அடித்திருந்தார். பக்கத்தைத் திருப்பினால் மாதக் குடும்பக் கணக்கு. வரவில் அண்ணியின் சம்பளம், மாட்டுப் பால். பற்றில் காலேஜ் பீஸ், கரண்ட் பில், மளிகை, வட்டி. கடைசியில் ஒரு பெயர். அது யார் என்று புரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. இனிஷியலோடு, யாரோ மூன்றாம் ஆளைப் போல, தன் பெயரையே எழுதியிருந்தார். மாத்திரை 1,850. டாக்டர் 500. சாப்பாடு 2,000. டீ 300. ஆக 4,650. அடுத்த பக்கத்தில் அதே கணக்கு இன்னொரு தடவை, அந்த ஒரு பெயர் மட்டும் இல்லாமல். கூட்டுத்தொகைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

எனக்குக் கை சில்லிட்டுப் போனது. முதலில் நான் செய்தது தப்பு. கணக்கெழுதுகிறவன் இல்லையா, கணக்கைத் திருத்தப் பார்த்தேன். அண்ணா இது கணக்கே தப்புங்க, உங்க பேருக்கு வரவில் ஒண்ணுமே எழுதலையே, விடியக்காலை அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மாடு பால் பீச்சறது யாரு, சித்தியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறது யாரு, பையன் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் கதவு திறந்து விடறது யாரு என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மூடிக்கொண்டே வந்தது. கடைசியில் "சரி விடு, போச்சாது" என்று நோட்டை வாங்கி மூடிவிட்டார். ஒரு ஆளின் வேதனையை வாதத்தில் ஜெயிக்கப் பார்த்தால், அவர் தன் தரப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார், இல்லையென்றால் பேச்சை நிறுத்திக்கொள்வார். அன்றைக்கு நிறுத்திக்கொண்டார்.

பேச்சை மாற்றலாம் என்று, முதல் தறி போட்ட அன்னிக்கு நானும் வந்திருந்தேனாமே, அன்னிக்கு என்னங்கண்ணா நடந்துச்சு என்று கேட்டேன். "என்ன, அப்ப எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு" என்றார். அவ்வளவுதான். அந்த நாள், அந்த இடம், ஒரு ஆள், ஒரு சத்தம் எதுவும் வரவில்லை.

டீ வந்தது, ஆறியது. எழுந்து கிளம்பியிருக்கலாம், கிளம்பத்தான் மனசு சொன்னது. பதினைந்து வயது மூத்தவரிடம், அண்ணா என்று மரியாதை வைத்துப் பேசுகிற ஆளிடம், இதைப் போய் எப்படிக் கேட்பது? கேட்டு, இல்லாத நினைப்பை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டால்? டிச் பட்டன் நினைவுக்கு வந்தது. கேட்டுவிட்டேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. செத்துப்போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா?"

பக்கத்துக் குடோன் சத்தம் மட்டும் இருந்தது. அவர் தரையில் இருந்த ஒரு எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே எதுவும் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ம். வருது."

"எப்ப இருந்துங்க?"

"ஆடியிலிருந்து." அப்புறம், "சாவோணும்னு ஆசையாடா எனக்கு? தூக்கம் வந்தாப் போதும். இந்த மண்டைக்குள்ள ஓடறது ஒரு ரெண்டு மணி நேரம் நின்னாப் போதும்."

அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நான் கேட்டேன், இடையில் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேட்டேன், ஆமாம் என்றார். கடைசியில் சின்னப் பிள்ளை மாதிரி, "உங்க அண்ணிகிட்டச் சொல்லிருவியா?" என்றார். சொல்லியாக வேண்டும், நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போய்ச் சொல்லலாம் என்றேன். அண்ணி ஷிப்ட் முடிந்து வரும்வரை அங்கேயே இருந்தேன். அன்று ராத்திரி பூட்டி வைக்க வேண்டியதைப் பூட்டி, அந்தச் சாவியை என்னோடு எடுத்து வந்தேன். பையன் அந்த வாரம் முழுக்க அப்பாவோடு குடோனில் படுத்துக்கொண்டான்.

வெசனம்

அடுத்த சில மாதங்கள், கிடைத்ததை எல்லாம் படித்தேன். எட்வின் ஷ்னைட்மன் என்ற அமெரிக்கர், தற்கொலைத் தடுப்பை ஒரு தனித் துறையாக வளர்த்தவர்களில் ஒருவர், 1993இல் இதற்கென்றே ஒரு சொல்லை உண்டாக்கினார். மனசு தாங்க முடியாமல் வலிப்பதற்குத் தனிப் பெயர். எங்களுக்கு அந்தச் சொல் ஏற்கனவே இருக்கிறது, வெசனம். வெசனப்படாதே என்று தினமும் சொல்கிறோம். பல்வலி என்றால் எங்கே என்று கேட்கிறோம், வெசனம் என்றால் படாதே என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். ஷ்னைட்மன் சொன்னதில் இன்னொன்று, அந்த வலி முற்றும்போது பார்வை ஒடுங்கிப்போகிறது. வண்டி மாட்டுக்குக் கண்ணோரம் மறைத்த மாதிரி, நேரே ஒரு வழி மட்டும் தெரியும், அக்கம் பக்கம் எதுவும் தெரியாது. அண்ணனின் நோட்டில் இரண்டே பக்கம் இருந்தது, தான் இருக்கிற கணக்கு, இல்லாத கணக்கு. மூன்றாவது பக்கம் என்று ஒன்றை அவரால் எழுத முடியவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு" என்றாரே, அதற்கும் விளக்கம் கிடைத்தது. மார்க் வில்லியம்ஸ் என்ற பிரிட்டன் உளவியலாளர் 1986இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதோடு தொடர்புடைய ஒரு குறிப்பிட்ட நாளை நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் இன்ன நாள், இன்ன இடம் என்று சொன்னார்கள். இவர்களுக்கு மேம்போக்காகத்தான் வந்தது, நடந்து போவேன், நன்றாக இருக்கும் என்பதுபோல. பழைய நாள் துல்லியமாக வராதபோது, முன்பு ஒரு சிக்கலிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதும் வராது, நாளைக்கு நல்லது ஒன்றைக் கற்பனை செய்யவும் முடியாது. இதைப் படித்த பிறகு, அவநம்பிக்கை என்பதை ஒரு குணம் என்று நினைப்பதை விட்டுவிட்டேன். ஆளுக்குத் தைரியம் பத்தாது, கோழை என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபம் வருகிறது.

என் அக்கா மகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவளும் சம்மதித்தாள். விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படித்தாள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போடுகிறாளே என்று அக்காவுக்குச் சந்தேகம் வந்து பார்த்தால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். விவரம் தெரிந்ததும் சொந்தத்தில் ஒருவர் "எல்லாரும் கவனிக்கோணும்னு பண்றது" என்றார். கவனிக்க வேண்டும் என்பவள் எதற்கு ஆறு மாதம் கையை மூடி வைக்க வேண்டும்? இப்படிச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தாங்க முடியாத உணர்ச்சியைச் சமாளிக்கத்தான் செய்கிறார்கள், எல்லோருக்கும் சாகும் எண்ணம் இருப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக விட்டுவிடவும் முடியாது, பிற்காலத்தில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்தை அது கூட்டுகிறது. அவளே பிறகு சொன்னாள், "கொஞ்ச நேரந்தான் மாமா, அப்புறம் முன்னைவிட அசிங்கமா இருக்கும், அதையும் சேத்து மறைக்கோணும்." எதனால் என்று கேட்டதற்கு அவள் சொன்னது என்னை உட்கார வைத்துவிட்டது. "எனக்காக அப்பா ஒரு ஏக்கரா காட்டை வித்தாருங்க மாமா. மார்க் வர்லீன்னா அந்தக் காட்டை நான் எப்படித் திருப்பித் தருவேன்?" பதினேழு வயதில், அவளுடைய பற்றுப் பக்கத்தில் ஒரு ஏக்கர். விடுதியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்து, ஒரு மனநல ஆலோசகரிடம் ஏழெட்டு மாதம் போய் வந்தாள். இப்போது கோவையில் படிக்கிறாள்.

அண்ணியின் முதல் பயம் போலீஸ் கேஸ். அடுத்த பயம், நாளைக்குப் பையனுக்குப் பெண் கொடுப்பார்களா என்பது. இரண்டும் நிஜமான பயம், வெறுமனே ஒதுக்க முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆவது பிரிவில், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகத்தான் கொள்ள வேண்டும், அவர்மேல் வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது. அதற்கப்புறம் 2024 ஜூலை 1 முதல், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவும் போய்விட்டது. அந்த 115ஆவது பிரிவை அப்போதே அண்ணிக்கு நான் விளக்கினேன், இருந்தாலும் முகத்தை மூடிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதலில் போன இடத்தில், ஊரைச் சொல்ல மாட்டேன், ஒரு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பையன் இருக்கறப்ப இப்படி நினைக்கலாமா என்று கண்டித்து அனுப்பினார். அண்ணன் வெளியே வந்து, "பாத்தியா, இங்கயும் தொந்தரவுதான்" என்றார். இரண்டாவது போன அரசு மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டர் முக்கால் மணி நேரம் கேட்டார். தூக்கம் எத்தனை நாளாக இல்லை என்பதைத் தேதி வாரியாகக் கேட்டு எழுதினார். மன அழுத்த நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரைக்கும் தனியாக விடாதீர்கள் என்றார்.

நான் பயந்தேனே, கேட்டால் நினைப்பை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று? 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு அதற்கு முன் வந்த பதிமூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் கூடவில்லை, சிலருக்குக் குறையவும் செய்தது. இன்னொன்று, ஒருநாள் தடுத்தால் இன்னொரு நாள் போய்ச் செய்யத்தான் போகிறார்கள் என்று ஊரில் சொல்வார்களே, அதுவும் உண்மை இல்லை. ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் 1978இல், அமெரிக்காவில் ஒரு பாலத்தில் தடுத்துக் காப்பாற்றப்பட்ட 515 பேரைப் பல வருடம் கழித்துத் தேடிப் பார்த்தார். ஏறத்தாழ 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது வேறு இயற்கைக் காரணத்தால் இறந்திருந்தார்கள். அந்த ஒடுங்கிய பார்வை நிரந்தரம் இல்லை, அலை மாதிரி ஏறி இறங்குகிறது. ஏறி நிற்கிற அந்த நேரத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்வது பெரிய விஷயம். கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கிடங்கில் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். சாளைக்குச் சாளை, தோட்டத்து வீடு ஒவ்வொன்றிலும், மருந்து டப்பா கிடக்கிற எங்கள் ஊர்களுக்கும் அது வர வேண்டும் என்று கூட்டுறவு சங்கத்தில் பார்க்கிற ஆட்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு. அதில் ஒரு இடம் நம் சென்னை. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்லி, ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை போன் செய்தோ நேரில் போயோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள், அவ்வளவுதான். ஒன்றரை வருட முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். எழவு விசாரிக்க நாங்கள் நூறு மைல் போவோம். மூன்றாம் நாளுக்கு ஒரு தரம், கருமாதிக்கு ஒரு தரம். பெரிய மாமா கை விழுந்து கிடந்த அந்த ஒரு வருடத்தில் நான் போனது இரண்டு தடவை.

அண்ணன் வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் போனேன். புதன்கிழமை போன். பெரும்பாலும் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் பேசுவோம். மாசத்துக்கு ஒரு தரம் மட்டும் நேராகக் கேட்பேன், அந்த நெனப்பு வந்துச்சுங்களா என்று. வந்துச்சு என்ற நாட்களும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அண்ணி, பையன், அண்ணன் மூன்று பேர் போனிலும் போட்டு வைத்திருந்தோம், அரசு நடத்துவது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு அண்ணனே அதற்குக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். எனக்கு இரண்டு நாள் கழித்துச் சொன்னார். உன்னை எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன் என்றார். எழுப்புங்கண்ணா என்றேன்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிறு. குடோனை அட்டைப்பெட்டி போடுகிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள், அவர் வருவதற்கு முன்னால் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு அண்ணன் சுவரோரம் கூட்டினார். ஒரு மூலையில் குப்பைக்குள்ளிருந்து பழைய நாடா ஒன்று கிடைத்தது, தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற, முனை தேய்ந்த மர நாடா. கையில் எடுத்து ஊதித் துடைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"தொண்ணூத்தி நாலு, தை மாசம்" என்றார். "வியாழக்கிழமை. சோமனூர்ல இருந்து செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு தறி, டெம்போ வெச்சுக் கொண்டாந்தோம். பூசை போட்டு எலுமிச்சம்பழம் வெச்சு பட்டனைத் தட்டறேன், பொசுக்குனு கரண்ட் போயிருச்சு. உங்க சித்தி சகுனம் சரியில்லைன்னு அழுகுது. அப்பாரு அரிக்கேன் விளக்கப் பத்த வெச்சுட்டு வந்து, கரண்ட்டுக்கு ஏதுடி சகுனம், வரும் இருன்னாரு. ராத்திரி எட்டேகாலுக்குக் கரண்ட் வந்துச்சு. ஓட்டலாம்னு பாத்தா நாடாவக் காணோம். ஊட்ல அத்தனை பேரும் விளக்க எடுத்துட்டுத் தேடறோம். நீ அரை டவுசரோட கட்டிலுக்கு அடியில படுத்துத் தூங்கிட்டிருக்கற, நாடாவை வயித்தோட கட்டிப் புடிச்சுட்டு. படகுன்னு நெனச்சுட்டயாமா."

எனக்கு அது நினைவில் இல்லை என்றேன்.

"எனக்கு இருக்குது" என்றார். நாடாவைச் சட்டைத் துணியில் இன்னொரு தடவை துடைத்துவிட்டு, ஜன்னல் மேல் வைத்துவிட்டு, மறுபடி கூட்ட ஆரம்பித்தார்.